வின்ச்சுக்கு எங்கே கிரீஸ், எங்கே கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் ஜீப் வேலை பார்க்கிற ஒரு சின்னப் பட்டறை என்னுடையது. வருஷா வருஷம் தீபாவளி சமயத்தில் எனக்கு ஒரே மாதிரியான போன் வரும். "அண்ணே, வின்ச் சுத்த மாட்டேங்குது. போன தடவை நல்லாத்தான் இருந்துச்சு." போன தடவை எப்போது என்று கேட்டால், ஜூலையில் கோவா போனபோது என்பார்கள். மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற போட்டி 2014 முதல் கோவாவிலும் நடக்கிறது. கொட்டுகிற மழையில், செம்மண் சேற்றில் வண்டி ஓட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் பலர் முன் பம்பரில் வின்ச் மாட்ட ஆரம்பித்தார்கள். மாட்டுவது சரி. சேற்றில் முக்கி எடுத்துவிட்டு, அப்படியே நாலு மாதம் நிறுத்தி வைத்தால் அது எப்படிச் சுற்றும்?

வின்ச் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டி சேற்றில் புதைந்துவிட்டால், முன்னால் உள்ள மரத்திலோ இன்னொரு வண்டியிலோ கயிற்றை மாட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வர உதவும் கருவி. ஒரு பக்கம் மோட்டார், நடுவில் கயிறு சுற்றும் டிரம், மறுபக்கம் கியர் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கோள் சுற்றுகிற மாதிரி, நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள், இப்படி அடுக்கடுக்காக இருக்கும். பல மாடல்களில் மோட்டார் 200 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் டிரம் ஒரு சுற்று நகரும். கையடக்கமான மோட்டார் ஒன்றரை டன் ஜீப்பை இழுக்கிற ரகசியம் அதுதான்.

சுத்தம் செய்வது என்றதும் எல்லாரும் வாட்டர் சர்வீஸில் விட்டு, பிரஷர் கன்னால் அடிக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வின்ச்சின் சீல்கள், அதாவது உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்கள், மேலே தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், ஊசி மாதிரி குத்துகிற தண்ணீரைத் தாங்காது. அதிலும் இழுத்து முடித்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளித்தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். ஆறவிட்டு, சாதாரண ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மோட்டாரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும் மாடல்களில் அதைச் சேறு அடைத்திருக்கும், ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

பிரித்து வேலை செய்வதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கியர் பெட்டியைத் திறந்தால், தண்ணீர் போயிருக்கிறதா என்பதைக் கிரீஸே சொல்லிவிடும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் போயிருக்கிறது. பழைய கிரீஸ் முழுவதையும் பனியன் வேஸ்ட்டால் வழித்தெடுத்து, சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பழையதன் மேலேயே புதியதைப் பூசக் கூடாது. இரண்டு கிரீஸும் வேறு வேறு வகையாக இருந்தால் ஒன்றோடொன்று சேராமல் தண்ணீராக இளகி ஓடிவிடலாம். எந்தக் கிரீஸ் என்பதை வின்ச்சோடு வந்த புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், எவ்வளவு வைப்பது? இங்கேதான் நான் சூடுபட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய வின்ச்சுக்குத் தாராளமாக, பெட்டி நிறையக் கிரீஸை அடைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு சரிவில் வண்டியை ஏற்றி, பாதியில் பட்டனை விட்டிருக்கிறார். நிற்க வேண்டிய வண்டி மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. பின்னால் யாரும் நிற்கவில்லை, நல்லவேளை. திரும்பக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், அடைத்த கிரீஸ் பிதுங்கி, டிரம்முக்குள் இருக்கிற பிரேக்வரை போயிருந்தது.

பெரும்பாலான வின்ச்களில் பிரேக் அந்த டிரம்முக்குள்தான் ஒளிந்திருக்கிறது. நாம் அழுத்துகிற பிரேக் இல்லை அது. மோட்டார் நின்றதும், கயிற்றில் தொங்குகிற பாரமே டிரம்மைப் பின்னால் சுற்றப் பார்க்கும். அந்த இழுப்பிலேயே பிரேக் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். பற்றுகிற இடத்தில் வழுக்கலை வைத்தால் என்ன ஆகும்? ஆகவே பல்சக்கரங்களின் பற்களில் பூசின மாதிரி கிரீஸ் இருந்தால் போதும், பிரேக் பக்கம் ஒரு துளியும் வேண்டாம். எப்படியாவது பட்டுவிட்டால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும், மண்ணெண்ணெய் உதவாது, அதுவும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

கயிற்று விஷயத்துக்கு வருவோம். இரும்புக் கயிறானால் துரு எடுத்து, இழைகளுக்குள் ஊறுகிற மெல்லிய எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவலாம். கெட்டிக் கிரீஸ் தடவினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி இழைகளை அறுக்கும். செயற்கை இழைக் கயிறானால் எண்ணெயே வேண்டாம். முழுக்கப் பிரித்து, வாளியில் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். நம்ம ஊர் வெயிலும் அதற்கு எதிரி, டிரம்மின் சூடும் எதிரி. பாரத்தோடு கயிற்றை வெளியே விடும்போது அந்த பிரேக் தேய்ந்து டிரம் கொதிக்கும். அடியில் இருக்கிற முதல் சுற்றுதான் முதலில் கெடும். மேலே பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

மின்சாரப் பக்கம் வேலை கொஞ்சம்தான். முழு பாரத்தில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும். வயர் மாட்டுகிற டெர்மினல் பச்சை பூத்திருக்க, அதில் அத்தனை கரண்டும் போனால் இணைப்பு சுட்டுக் கருகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே டெர்மினலுக்கான கிரீஸைத் தடவி மூடிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து கயிற்றைச் சுற்றும்போது சும்மா சுற்றக் கூடாது. சம தரையில் கொக்கியை ஒரு மரத்தில் மாட்டி (மரத்தைச் சுற்றி அகலமான பெல்ட் போட்டு), உள்ளே ஒருவர் லேசாக பிரேக்கை மிதித்தபடி இருக்க, வண்டியே மெதுவாக முன்னால் போகும்படி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் அடுத்த இழுப்பில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். கையில் தோல் கையுறை, கண் முழுக்கக் கயிற்றின் மேல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களைத் தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

நன்றி, வணக்கம்.