641 வந்து கலைத்த கணக்கு

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. காகிதம் தேட வேண்டாம், 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது என்று மட்டும் நினைவிருக்கட்டும்.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஃபெர்மா என்று ஒருவர். நீதிமன்றத்தில் வேலை, கணக்கின் மேல் உயிர். ஓர் இரண்டு, 2 இரண்டு, 4, 8, 16 இரண்டுகள் என்று பெருக்கி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாதவை. இனி வருவதெல்லாமும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் நம்பிக் கடிதமும் எழுதினார். ஆறாவதாக வருவதுதான் நம் எண்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இந்தக் கேள்வியை இளம் கணித அறிஞரான ஆய்லரின் காதில் போட்டுவைக்க, அவர் 1732-இல் பதில் சொன்னார்: இது 641-ஆல் வகுபடும். 641 தடவை 67 லட்சத்து 417, அவ்வளவுதான்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்ணைக் கண்மூடித்தனமாகச் சோதித்தால் 65 ஆயிரம் வரை போக வேண்டியிருக்கும். ஆனால் இதை வகுக்கும் எந்த எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுங்கள்: 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலில் ஆள் அகப்பட்டுவிடுகிறான்! ஊரெல்லாம் விசாரிக்காமல் நேரே அந்தத் தெருவுக்கே போய் ஐந்து கதவைத் தட்டுகிற மாதிரி. இந்த விதிக்கு அடிப்படையான தேற்றம் யாருடையது? ஃபெர்மாவுடையதேதான்! கையில் சாவியை வைத்துக்கொண்டு மனுஷர் ஏன் திறந்து பார்க்கவில்லை? ஐந்தே வகுத்தல், சார்.

ஆய்லருக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து ஜெரா கோல்பர்ன் என்ற சிறுவனை அவன் அப்பா லண்டனுக்குக் கூட்டிவந்து கணக்குப் போடவைத்துக் காட்டினார். பையனுக்கு எட்டு வயது. யாரோ இதே எண்ணைக் கொடுத்து, இதை எது வகுக்கும் என்று கேட்க, மனக்கணக்காகவே 641 என்று சொல்லிவிட்டானாம். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் மட்டும் அவனுக்குப் பெரும்பாலும் சொல்லத் தெரியாது. பாவம், எட்டு வயதில் ஊர் ஊராக அலைச்சல். அதை நினைத்தால் எனக்கு வியப்பைவிட வருத்தம்தான் கூடுதலாக வருகிறது.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பக்கமும் கோணமும் சமமான 17 பக்க உருவத்தை அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-இல் காஸ் என்ற கணித மேதை கண்டதற்கும் இந்த வரிசைக்கும் உறவு உண்டு, அதை விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. இன்னொன்று, நம் எண்ணில் இரண்டைக் கழித்தால் வருவது அந்த ஐந்து எண்களின் பெருக்குத்தொகை. ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வணக்கம்.