வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே ஒரு குரோம் குழாய்

வணக்கம் உறவுகளே. இன்று திருகோணமலை உப்புவெளியில், வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன்; பின்னால் கேட்கும் இரைச்சல் கடலுடையது, ஒலிவாங்கியின் குறை அல்ல. என்னுடைய 1 லீற்றர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினுக்குக் குரோம் பூசிய காற்றுக் குழாய்களைப் பொருத்திய கதையையும், அவற்றுள் ஒன்றைப் பின்னர் கழற்றிய கதையையும் இன்று சொல்லப் போகிறேன்.

காற்று எஞ்சினுக்குள் போகும் வழியில் மூன்று குழாய்கள் உண்டு. வடிகட்டியிலிருந்து, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போவது முதலாவது. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்டர்கூலருக்குக் கொண்டு செல்வது இரண்டாவது. அங்கே குளிர்ந்த காற்றை, எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடிக்குக் கொண்டு வருவது மூன்றாவது. இப்போது என் காரில் மினுங்குவது இந்த மூன்றாவது மட்டுமே.

முதலாவதுக்கும் ஒரு குரோம் குழாய் வாங்கினேன். மலிவான சாதாரண இரும்புக் குழாய்தான், ஆனாலும் அதில் முகம் பார்க்கலாம். ஒரு வாடைக் காலம் முழுவதும் ஓடிவிட்டு, மாசியில் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டு இழுத்தபோது, கறளோடு சேர்ந்து மெல்லிய செதில்களும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தன. வடிகட்டியைத் தாண்டிய பிறகு பிறக்கும் செதிலைத் தடுத்து நிறுத்த வழியில் வேறு எதுவும் கிடையாது; அது நேரே போய்ச் சேருமிடம், இத்தகைய சிறிய டர்போக்களில் நிமிடத்திற்கு இரண்டு இலட்சம் சுற்றுகளை எட்டக்கூடிய அழுத்திச் சக்கரம். என் சக்கரத்தின் இறக்கை நுனிகளில் தேய்வு எதுவும் இல்லாதது என் நல்ல காலம்.

இது ஏன் நடக்கிறது என்றால், நாம் குரோம் என்று பார்க்கும் அடுக்கு பெரும்பாலும் ஒரு மைக்ரோன் கனத்தைக்கூட எட்டுவதில்லை. இரும்பை உண்மையில் காப்பது அதன் கீழே இருக்கும் நிக்கல்தான். குரோம் அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இருக்கும். வாடைக் காற்று கடலிலிருந்து அள்ளி வரும் உப்பீரம் அவற்றின் வழியே இறங்கி, நிக்கல் மெல்லியதாக உள்ள இடத்தில் இரும்பைத் தொட்டவுடன், உள்ளே கறள் பருத்து முலாமை மேலே தள்ளிவிடுகிறது. குழாயின் உட்புறத்தில் முலாம் சீராகப் படிவதும் கடினம். ஆகவே மூன்றாவது இடத்துக்காக நான் இரண்டாம் முறை செய்வித்த குழாய் கறள் பிடிக்காத எஃகினால் ஆனது. முலாம் தொட்டிக்குப் போகுமுன் அதன் இரு வாய்களையும் அடைக்கச் சொன்னேன். வெளியே குரோம், உள்ளே வெறும் எஃகு. உணரி பொருந்தும் கழுத்தையும் முன்னரே ஒட்டுவித்தேன், ஏனென்றால் குரோம் பூசிய உலோகத்தை வெல்டிங் செய்யும்போது எழும் புகை நஞ்சு. மெருகேற்றிய தூள் உள்ளே தங்கியிருக்கும் என்பதால், சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடைத்தேன். இந்த ஒரு வேலைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனது.

இனி வெப்பம். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பொனற்றின் கீழ் நிலைமை எப்படியிருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தை எளிதில் கடத்தாது, உலோகம் கடத்தும். மறுபக்கத்தில், குரோமின் பளபளப்பு, புகைபோக்கிப் பக்கமிருந்து வரும் கதிர்வெப்பத்தின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். என் எஞ்சின் 6000 சுற்றில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 லீற்றர் அழுத்தப்பட்ட காற்றை விழுங்குகிறது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அது ஒரு மீற்றர் தூரத்தை ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கிற்குள் கடந்துவிடும். அந்த நேரத்தில் குழாய்ச் சுவர் அதைப் பெரிதாகச் சூடாக்கவும் முடியாது, குளிர்விக்கவும் முடியாது. பேருந்து நிலையத்தடியில் தேங்கி நிற்கும்போது மட்டும் ஸ்கேனரில் காற்று வெப்பநிலை முன்பைவிட விரைவாக ஏறுகிறது, ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. குரோம் குழாயால் குதிரை வலு கூடும் என்று யாராவது விற்றால், சிரித்துவிட்டு நகருங்கள்.

நம்பகத்தன்மை உண்மையில் அறுந்து போவது இணைப்புகளில்தான். குரோம் வழுக்கும், அதன்மேல் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம், ஏறும் கணத்தில் சிலிக்கன் ஹோஸ் கழன்று பறக்கும். ஆகவே குழாயின் முனையில் சுற்றிவர ஒரு புடைப்பு விளிம்பு கட்டாயம் இருக்க வேண்டும், பூட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், கிளிப் அந்த விளிம்பிற்குப் பின்னால் அமர வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் ஆடுகிறது, இன்டர்கூலரோ உடற்பகுதியில் ஆடாமல் நிற்கிறது. இந்த ஆட்டத்தை ஹோஸ் ஏற்றுக்கொள்ளும்படி உலோக முனைகளுக்கிடையே சில மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். அழகுக்காக உயர்வலிமைப் போல்ட்டுகளையும் குரோமுக்குக் கொடுக்காதீர்கள்: முலாமிடும்போது எஃகுக்குள் புகும் ஐதரசன் அவற்றை முறியும் தன்மையுள்ளவையாக்கும்.

இரண்டாவது குழாயைத் தொழிற்சாலை தந்தபடியே விட்டுவிட்டேன். நூறு பாகைக்கு மேற்பட்ட காற்றும் எண்ணெய் ஆவியும் போகும் இடத்தில் அழகு பார்க்க எனக்கு மனமில்லை. முதலாவதிலும் பழையதே திரும்பிவிட்டது, ஏனென்றால் காற்றளவு உணரியும் எஞ்சின் மூச்சுக்குழாயும் அதில்தான் இணைகின்றன. உணரி இருக்குமிடத்தின் விட்டம் சற்று மாறினாலும் எரிபொருள் கணக்குத் தவறும். புகைபோக்கிக் குழாய்க்குக் குரோம் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் அது நீலம் பாய்ந்து உரியும்.

பொருத்தி முடித்ததும், காரின் வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாத அழுத்தத்தில் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். ஓரிடத்தில் குமிழி வந்தது. அதை இறுக்கிய பின் கந்தளாய் வரை ஓடித் திரும்பி, எஞ்சின் ஆறியதும் எல்லாக் கிளிப்புகளையும் மறுபடி இறுக்கினேன், அவற்றுள் இரண்டு கிளிப்புகள் இன்னும் அரைச் சுற்று இறுகின. இப்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கிறது. அது கசிவு அல்ல. பழைய பிளாஸ்டிக் குழாயில் சத்தத்தை விழுங்கும் ஒரு சிறு அறை இருந்தது, புதியதில் அது இல்லை. அந்தப் பழைய குழாயைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். வாடை தொடங்கியதும் மாதம் ஒருமுறை குரோமைக் கழற்றி, உட்புறத்தையும் ஒட்டு ஓரங்களையும் பார்ப்பேன், ஒரு கொப்புளம் தெரிந்தாலும் பிளாஸ்டிக் குழாய் அன்றே மீண்டும் ஏறிவிடும்.