நாய்க்கும் கண்ணீர் வற்றும்

வணக்கம் நேயர்களே. நாய், பூனை முதலிய சிறு பிராணிகளின் கண் நோய்களைக் கற்பிப்பதிலும், அவற்றுக்குச் சிகிச்சை செய்வதிலும் என் பணிக்காலம் கழிந்தது. நம் கால்நடை மருத்துவப் படிப்பில் கண் மருத்துவம் அறுவைச் சிகிச்சைத் துறைக்குள் அடங்கிய ஒரு பகுதி. ஆகவே எலும்பு முறிவையும் வயிற்று அறுவையையும் கவனித்த கைகளே கண்ணையும் கவனிக்க வேண்டும். கண்புரை, கண்ணழுத்தம், விழித்திரை என்று மூன்றைப் பற்றியும் பேசுவதாக வானொலி நிலையத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். என் பழைய மாணவர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது சிரிப்பார்கள். எந்த வகுப்பையும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கண்ணீரை அளக்கலாம் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1903ஆம் ஆண்டில், அதாவது சென்னை வேப்பேரியில் நம் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட அதே ஆண்டில், மனிதர்களுக்காக ஒரு சோதனையை வகுத்தார். ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் அது. மனிதருக்கு ஐந்து நிமிடம் வைக்கிறார்கள். நாய் அவ்வளவு பொறுக்காது என்பதால் நாங்கள் ஒரே நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். நலமான நாய்க்கு அந்த ஒரு நிமிடத்தில் பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனையும். பத்துக்குக் கீழே போனால் கண் உலர்ந்துவருகிறது என்று பொருள். மயக்க மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: கண்ணில் எந்தச் சொட்டு மருந்தும் விடுவதற்கு முன்பே பட்டையை வைத்தாக வேண்டும். விட்ட மருந்தின் ஈரத்தையும் பட்டை உறிஞ்சிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் ஒரு லாசா ஆப்சோ நாய். அதை வளர்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. காலையில் எழுந்தால் இரண்டு கண்களும் பூளையால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டால் நண்பகலுக்குள் மறுபடியும் கோந்துபோலத் திரண்டுவிடும். கிருமிக்கான சொட்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி விட்டுப் பார்த்திருந்தார்கள். நான் பட்டையை வைத்தபோது ஒரு கண்ணில் மூன்று மில்லிமீட்டரும், மறு கண்ணில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் நனைந்தது. கண்ணீர் வற்றியிருக்கிறது என்று சொன்னதும் அந்த அம்மையாருக்கு நம்பிக்கை வரவில்லை. "எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருக்கிற கண்ணில் கண்ணீர் இல்லை என்கிறீர்களே, டாக்டர்?" என்று வகுப்பில் கேட்பதைப் போலவே கேட்டார். கேள்வி மிகவும் நியாயமானது. கண்ணீர் வெறும் தண்ணீர் அன்று. அதில் நீரும் உண்டு, சளிப்பொருளும் உண்டு, எண்ணெய்ப் பசையும் உண்டு. நீர் குறைந்துபோனாலும் சளிப்பொருள் சுரப்பது நிற்பதில்லை. கழுவிச் செல்ல நீர் இல்லாமையால் அதுவே பூளையாகத் திரள்கிறது. அவர் ஈரம் என்று கண்டது அதைத்தான். இதைக் கவனிக்காமல் விட்டால் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம், மங்கி, நாளடைவில் கறுத்துப் பார்வையை மறைத்துவிடும்.

பெரும்பாலான நாய்களில் இந்நோய்க்குக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதாகும். நாய்க் காய்ச்சல் என்று நாம் சொல்லும் டிஸ்டெம்பரும், சல்ஃபா வகை மருந்துகளும்கூடச் சுரப்பைக் கெடுக்கும். எதிர்ப்பாற்றல்தான் காரணம் என்றால் அதை அடக்கும் மருந்தைக் கண்ணிலேயே இட்டால் என்ன என்று 1980களில் முயன்றவர் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனீ காஸ்வான். அவர் எடுத்துக்கொண்ட சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கப்பட்டுவந்த மருந்து. நாய்களில் கண்ணீர் மீண்டும் சுரந்தது. நாய்க்கான களிம்பு அமெரிக்காவில் 1995இல் அங்கீகாரம் பெற்றது. மனிதருக்கான சொட்டு மருந்து 2002இல்தான் அங்கீகாரம் பெற்றது. கண் உலர்வுக்காக அந்தச் சொட்டு மருந்தை விட்டுக்கொள்ளும் நேயர்கள் தங்களுக்கு முன்பே நாய்கள் அதனால் பயனடைந்தன என்பதை அறிந்துகொள்ளலாம். எங்கள் துறையைச் சற்று இளப்பமாகப் பேசிய மனித மருத்துவ நண்பர்களிடம் நான் தவறாமல் சொல்லிவந்த செய்தி இது.

அந்த லாசா ஆப்சோவுக்கும் இதே களிம்பைத்தான் கொடுத்தோம். சில வாரங்கள் சென்ற பிறகே பலன் தெரியும், தெரிந்தது. கண் தெளிந்துவிட்டதே என்று அம்மையார் தாமாகவே மருந்தை நிறுத்தினார். பூளை திரும்பி வந்தது. இந்த மருந்து நோயை அடக்கிவைக்குமே தவிர வேரோடு நீக்குவதில்லை, பெரும்பாலும் ஆயுள் முழுதும் இட வேண்டும் என்று மறுபடியும் விளக்கினேன். அதன்பின் அவர் தவறவிடவில்லை. ஒரு குறிப்பேட்டில் தேதிவாரியாகப் பட்டையின் அளவுகளை எழுதிவந்தார். அதை என் முதுநிலை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

கண்ணீரோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாய்க்கு மூக்கோரத்தில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. இளம் பீகிள், புல்டாக், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் அந்த இமையின் சுரப்பி வெளியே பிதுங்கிச் செர்ரிப் பழம்போலச் சிவந்து நிற்கும். பார்ப்பவர்கள் கட்டி என்று பயந்து வெட்டி எடுத்துவிடச் சொல்வார்கள்; முன்பெல்லாம் வெட்டித்தான் எடுத்தார்கள். ஆனால் கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது. அதை வெட்டிவிட்டால் கண் உலர்வதற்கு, குறிப்பாக ஏற்கெனவே அந்நோய்க்கு ஆளாகும் இனங்களில், நாமே வழி செய்கிறோம். இமையின் உட்புறத்தில் சிறிய பை அமைத்துச் சுரப்பியை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். ஆகவே வெட்ட வேண்டாம், தைக்கச் சொல்லுங்கள். மீண்டும் சொல்கிறேன், வெட்ட வேண்டாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். கண்ணழுத்தமும் விழித்திரையும் இன்றைக்கு இல்லை. கண்புரையைப் பற்றி மட்டும் இரண்டு சொற்கள். ஏழெட்டு வயதுக்குமேல் நாயின் கண்ணில் தோன்றும் நீலச் சாயல் பெரும்பாலும் புரையன்று, வயதினால் லென்ஸ் இறுகுவதே. அதற்கு அறுவை தேவையில்லை. ஆனால் நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பான்மையானவற்றுக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் உண்மையான புரை வந்துவிடுகிறது, அதுவும் மிக விரைவாக முற்றிவிடுகிறது. மனிதருக்குச் செய்வதுபோலவே ஒலியலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கலாம். எனவே இன்சுலின் தொடங்கிய நாயைக் கண் வெளுக்கும்வரை வைத்திருக்காமல் உடனே கண் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் யாருக்கோ வாங்கி மீதமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அதற்கு முன் விட்டுவிடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் அது ஓட்டையாகிவிடும். வணக்கம்.