'தயங்காதே, சொல்'னு எழுதிட்டா போதுமா?

(தருமபுரியில ஒரு பெற்றோர் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலியல் குற்றத்துக்கு எதிரா வைக்கற பேனர்லாம் பாத்திருப்பீங்க. ஒரு பொண்ணு முட்டியக் கட்டிக்கிட்டு தலைகுனிஞ்சு உக்காந்திருக்கும், பின்னாடி கறுப்பா ஒரு ஆம்பள நிழல், கீழ 'தயங்காதே, சொல்'.

இதால பிரயோஜனமே இல்லனு சொல்ல வரல. 1098ங்கற குழந்தைங்க உதவி நம்பர் இன்னிக்கு சின்னப் புள்ளைங்களுக்கும் தெரியுது, குட் டச் பேட் டச் சொல்லிக் குடுத்த அப்புறம் டீச்சர்கிட்ட தனியா வந்து சொல்ற புள்ளைங்க இருக்காங்க, அது பெரிய விஷயம்.

ஆனா அந்த நிழல் தப்புங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கப் பாருங்க, வன்கொடுமை வழக்குல 90 சதவீதத்துக்கு மேல தெரிஞ்ச ஆளுதான். நம்ம பக்கம் பெத்தவங்க பெங்களூரு, திருப்பூர்னு வேலைக்குப் போயிடறாங்க, புள்ளைங்க சொந்தக்காரங்க வீட்ல வளருது, அதுகளுக்குப் போய் நிழலக் காட்டி பயமுறுத்தினா வீட்டுக்குள்ள இருக்கறவன எப்படி சந்தேகப்படும்?

அடுத்து அந்த 'சொல்'. நம்ம அரூர் பக்கம் வாச்சாத்தி, 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள புகுந்து 18 பெண்கள வன்கொடுமை பண்ணாங்க. அவங்க தயங்கினாங்களா? சொன்னாங்க, ஆளை அடையாளம் காட்டினாங்க, கோர்ட்டுல நின்னாங்க. தருமபுரி கோர்ட்டு தீர்ப்பு 2011ல, ஹைகோர்ட்டு அத உறுதி பண்ணது 2023ல. 31 வருஷம்! காது குடுக்க வேண்டியவங்க குடுக்கலங்க.

அதனாலதான் சொல்றேன், பேனர் பேச வேண்டியது நம்மகிட்ட. புள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற 2012 போக்சோ சட்டப்படி, 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு நடந்தது தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம், தனக்குக் கீழ வேலை பாக்கறவன் பண்ணத நிர்வாகி மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல போலி என்சிசி கேம்ப்ல மாணவிங்கள பாலியல் கொடுமை பண்ண வழக்குல, விஷயத்த மறைச்சாங்கனு ஸ்கூல் ஆளுங்களும் கைதானாங்களே, ஞாபகம் இருக்கா?

ஸ்டேஷனுக்குப் புள்ளைய இழுத்துக்கிட்டுப் போகணுமேனுதான நிறைய தாய்மாருங்க வாய மூடிக்கறீங்க? வேண்டாம்மா. புள்ளைகிட்ட வாக்குமூலம் வீட்லயே வாங்கலாம், முடிஞ்சவரைக்கும் பெண் எஸ்ஐதான் வரணும், யூனிபார்ம் போடக்கூடாது, ராத்திரி ஸ்டேஷன்ல வெச்சிருக்கக்கூடாது, புள்ளை பேரு பேப்பர்லயோ டிவியிலயோ வரக்கூடாது. எந்த பேனர்லயாவது இதப் படிச்சிருக்கீங்களா? அடுத்த தடவ கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறப்ப, இதப் பெருசா அச்சடிச்சு பஸ் ஸ்டாண்டுல வைங்கனு எழுதிக் குடுப்போம், இங்கயே கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.