மலையா, மரமா? சிங்களத்தில் நம்மைக் காட்டிக்கொடுக்கும் சின்ன ஒலி

வணக்கம்! முதலில் ஒரு சோதனை. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. மரத்தின் அடித்தண்டும் 'கந்த'. இரண்டும் ஒரே சொல்லா? இல்லை! மலைக்கு மூக்கொலி முழுசாக வரும். மரத்துக்குப் பாதிதான், தொட்டதும் ஓடிவிடும். எழுத்தே வேறு. (திரையில் இரண்டு சொல்லும் சிங்கள எழுத்தில்.) தமிழில் இந்த அரை ஒலி கிடையாது, அதனால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்டி என்ற பெயர் 'கந்த உடரட்ட'விலிருந்து வந்தது, அதில் வரும் 'கந்த' மலைதான். எனக்கு இந்த ஒலி அவ்வளவு பிடிக்கும், இன்னொரு தடவை சொல்கிறேன், கவனியுங்கள்: கந்த... கந்த.

ஹட்டன் டவுனில் வியாபாரம் செய்பவர்கள், கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், எத்தனையோ பேர் சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் இந்த அரை ஒலி வரைக்கும் போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஏன்?

பழைய கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1959இல் கனடாவில் கார்ட்னர், லாம்பர்ட் என்ற இருவர் சொன்னது: சிலர் வேலைக்காகப் படிக்கிறார்கள், சிலர் அந்த மக்களோடு சேர்ந்துகொள்ளப் படிக்கிறார்கள். சரி, இப்போது ஜூலிக்கு வருவோம்!

1994இல் வந்த ஓர் ஆய்வில் இந்த ஆங்கிலேயப் பெண்ணுக்கு வைத்த பெயர் அது. 21 வயதில் எகிப்தியரைக் கட்டிக்கொண்டு எகிப்துக்கே போனார். அரபு வகுப்புக்குப் போனதில்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. போன கொஞ்ச நாளிலேயே கணவரை ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். வீட்டில் இருந்த சொந்தக்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பல வருடம் கழித்து அவர் பேச்சைப் பதிவில் கேட்டவர்களில் பாதிக்கு மேல் அவரை எகிப்துக்காரி என்றே நினைத்தார்கள்! பிறவித் திறமை முக்கியம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நான் அந்த மாமியார் வீட்டுக்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் வெஸ் இதற்கு நேர்மாறு. நண்பர்கள் உண்டு, பேச்சும் தாராளம், ஆனால் மூன்று வருடத்தில் ஆங்கில இலக்கணம் நகரவே இல்லை. சொன்னது புரிந்துவிட்டால் தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் போக, நம் பேச்சில் வித்தியாசமே தெரியக்கூடாது என்ற வேகம் வேண்டும்.

அந்த வேகம் பயத்தாலும் வரும். 1983 ஜூலைக் கலவரத்தில் கும்பல்கள் ஆட்களை மறித்து, வாளிக்கான 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லவைத்து, உச்சரிப்பில் தமிழரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணத்துக்காக இனி எந்தப் பிள்ளையும் ஒரு மொழியைப் படிக்கக்கூடாது.

பதுளை, பண்டாரவளை, நுவரெலியா ஆட்களே, இன்றைக்குத் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரிடம் இரண்டு 'கந்த'வையும் சொல்லிப் பாருங்கள். மலை எது, மரம் எது என்று பிடித்தாரா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.