உச்சி மாநாடு: வெறும் படப்பிடிப்பா, உருப்படியான பலனா?

நடுவர் அவர்களே, வணக்கம். நாட்டுத் தலைவர்கள் நேரில் சந்திக்கும் உச்சி மாநாடு வெறும் படப்பிடிப்பா, உருப்படியான பலனா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் நான் 'உருப்படியான பலன்' அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஹனோயை எடுத்துப் போட்டு நன்றாகவே கைதட்டு வாங்கிவிட்டுப் போனார். 2019 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம்மும் வியட்நாம் தலைநகரான அந்த ஹனோயில் சந்தித்தார்கள், ஏற்பாடு செய்திருந்த மதியச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள், இதற்கா இத்தனை விமானம், இத்தனை கேமரா என்று கேட்டார். சரி, ஹனோயில் ஒன்றும் தேறவில்லை, அதை நான் மறுக்கப் போவதில்லை. முறிந்த மாநாடு என்றால் வீண்தான் என்கிறாரே, அதைத்தான் மறுக்கிறேன், அதற்கு ஹனோயைவிடப் பெரிதாக முறிந்த ஒரு மாநாட்டையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

1986 அக்டோபர் 11, 12. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரம். கடலோரத்தில் ஹோஃப்டி என்று ஒரு வெள்ளை வீடு, அதில் பேய் உலாவுகிறது என்று ஊருக்குள் பேச்சு வேறு. மாநாடு என்று அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் இடம் போதவில்லை. கடைசி நாள் அமெரிக்க அதிகாரிகள் இரண்டு பேர், எழுத இடம் கிடைக்காமல் குளியலறைக்குள் போய், தொட்டியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, பத்து வருஷத்தில் பாலிஸ்டிக் ஏவுகணைகள் அத்தனையையும் ஒழிப்பதற்கான முன்மொழிவை அதன்மேல் வைத்து எழுதினார்கள். படப்பிடிப்பு என்றீர்களே அண்ணே, குளியலறையில் யார் படம் பிடித்தது?

பேச்சு வளர்ந்து, அணு ஆயுதமே வேண்டாம் என்கிற இடம் வரைக்கும் போய்விட்டது. அப்புறம் ஒரே விஷயத்தில் முட்டிக்கொண்டது. பாய்ந்து வரும் ஏவுகணைகளை வழியிலேயே தடுக்க அமெரிக்கா திட்டமிட்ட விண்வெளிக் கேடயத்தின் சோதனைகளை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் கோர்பச்சேவ், முடியாது என்றார் ரீகன், அவ்வளவுதான், இருவரும் முகம் வாடி வெளியே வந்தார்கள். மாநாடு தோல்வி என்று உலகமே எழுதியது.

ஆனால் அடுத்த வருஷம் டிசம்பர் 8-ம் தேதி அதே இருவரும் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டார்கள். தரையிலிருந்து ஏவி 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் ஏவுகணைகள் இரு தரப்பிலும் இருக்கவே கூடாது என்ற ஒப்பந்தம். 1991-க்குள் 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள், அதில் 1,846 சோவியத்துடையவை. அழித்துவிட்டுத் திருட்டுத்தனமாகப் புதிதாகச் செய்யவும் முடியாது, ஏனென்றால் சோவியத் ஊழியர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மாக்னாவிலும் அமெரிக்கர்கள் ரஷ்யாவின் வோட்கின்ஸ்கிலும் ஏவுகணை ஆலை வாசலிலேயே இருந்து, வெளியே வருவதைச் சோதித்தார்கள். ரெய்க்யவிக்கில் யார் எதுவரைக்கும் இறங்கி வருவார் என்று இருவருக்கும் தெரிந்துபோனதால்தான் இந்தக் கணக்கு ஒரு வருஷத்தில் முடிந்தது.

இதை அதிகாரிகளே பேசி முடித்திருக்கலாமே என்றார் எதிரணிச் சகோதரி. முயற்சி செய்தார்களே அம்மா! 1982-ல் ஜெனீவா பக்கத்து மலைக்காட்டில் அமெரிக்கத் தூதர் நிட்சேயும் சோவியத் தூதர் குவிட்சின்ஸ்கியும் நடந்துகொண்டே பேசி இதே ஏவுகணைகளுக்கு ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். இரண்டு தலைநகரங்களும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டன. மறுவருஷம் பேச்சுவார்த்தையிலிருந்தே சோவியத் தரப்பு எழுந்து போய்விட்டது. கல்யாணத் தரகர் எவ்வளவு நல்ல ஜாதகம் கொண்டுவந்தாலும் சம்பந்திகள் நேரில் உட்காராமல் நகைக் கணக்கு முடியுமா? 'இதை விட்டுக்கொடுக்கிறேன்' என்று சொல்லும் அதிகாரம் தூதரிடம் இல்லை, தலைவரிடம்தான் இருக்கிறது.

எதிரணி கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு வைத்திருப்பார்கள், நானே எடுத்துப் போடுகிறேன். அந்த ஒப்பந்தம்தான் 2019 ஆகஸ்டில் செத்துவிட்டதே என்பார்கள். ஆமாம், 31 வருஷம் உயிரோடு இருந்துவிட்டுத்தான் செத்தது. ரஷ்யா மீறிவிட்டது என்றது அமெரிக்கா, இல்லவே இல்லை என்றது ரஷ்யா. அது எங்கே வைத்து முறிந்தது தெரியுமா நடுவர் அவர்களே? விலகப் போகிறோம் என்று 2018 அக்டோபரில் டிரம்ப் அறிவித்தது எந்த உச்சி மாநாட்டிலும் அல்ல, நெவாடாவில் ஒரு தேர்தல் கூட்டம் முடிந்த கையோடு, நிருபர்களின் மைக்குகளுக்கு முன்னால். எதிரணி அண்ணன் தேடுகிற கேமரா அங்கேதான் இருந்தது.