கொட்டாவயில் வெயில், தொடங்கொடயில் மழை

[காட்சி: கொட்டாவ நுழைவாயில். காய்ந்த வீதி.]

கொட்டாவயில் டிக்கெட் எடுக்கும்போது நல்ல வெயில். முப்பது கிலோமீற்றர் தாண்டி தொடங்கொடயை நெருங்கினால் கண்ணாடி முழுக்க மழை. இலங்கையின் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஓடியவர்களுக்கு இது புதிதில்லை.

அங்கே உச்ச வேகம் 100. மழை என்றால் 60க்குக் குறைக்கச் சொல்வார்கள். சரி, எது மழை? தூறலா, கொட்டுவதா? அதை ஒவ்வொரு சாரதியும் தன் மனதுக்குப் பட்டபடி முடிவு செய்கிறார். முன்னால் போகிறவர் 60இல், பின்னால் வரும் வான் 100இல். மழையை விட எனக்குப் பயம் அந்த வித்தியாசம்தான்.

[காட்சி: ஈர வீதியில் உருளும் டயர், மிக அருகில்.]

டயரில் உள்ள பள்ளங்கள் சின்னச் சின்ன வாய்க்கால்கள். தண்ணீரை வெளியே தள்ளுவது அவைதான். வேகம் கூடினால் தண்ணீர் விலக நேரமில்லை; டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக்கும் பிடிக்காது. நாசா கண்ட கணக்குப்படி, 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதக்கும். மொட்டை டயர் என்றால் அதற்கு முன்பே.

மிதக்காவிட்டாலும் ஈரத்தில் பிடிப்பு குறைவு. உராய்வை 0.4 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரைச் செக்கனையும் சேர்த்தால், 100இல் போகும் கார் நிற்க ஏறத்தாழ 140 மீற்றர். 60இல் 60 மீற்றர்.

[காட்சி: வீதிக்கு மேலே மின்னும் எண் பலகை.]

வானிலைக்கு ஏற்ப மாறும் வேக எல்லை உதவுவது இந்தச் சிக்கலுக்குத்தான். வீதியோரக் கருவிகள் மழையையும், வீதியில் நிற்கும் நீரையும், பார்வைத் தூரத்தையும் அளக்கும். கட்டுப்பாட்டு அறை பலகையில் எண்ணை மாற்றும். பிரான்சில் மழை என்றால் 130 இல்லை, 110தான். ஆனால் எது மழை என்ற பழைய கேள்வி அங்கேயும் உண்டு. பலகை இருந்தால் அந்தக் கேள்வியே இல்லை, எல்லோருக்கும் ஒரே எண். பின்லாந்தின் ஈ18 வீதியில் வானிலை பார்த்து எண் மாறுவது 1990களிலேயே வந்துவிட்டது.

எண் ஒரேயடியாக விழுவதில்லை. மழைக்கு முன்பே 80, அப்புறம் 60. அதனால் வெயிலில் 80 காட்டும், சிலர் திட்டுவார்கள். பலகை பார்ப்பது உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை அல்ல, இரண்டு கிலோமீற்றர் முன்னால் உள்ளதை.

மழை விட்டாலும் உடனே 100 வராது. வீதியில் தண்ணீர் வடியவேண்டும். அதுவரை வெலிப்பன்ன ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.